பெரிய நன்கொடைக்கு முந்தைய வேலை: பல்கலைக்கழகத்தில் நன்கொடையாளர் ஆய்வை நடத்துவது எப்படி?

பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகத்தில் ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்குத் தமிழ்நாட்டில், பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னால் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஒரு நிறுவனத்தில் இந்த வேலையைப் பார்க்கிறேன். இதற்கென்று நம்மூரில் தனிப் படிப்பு எதுவும் இல்லை. அக்கவுண்ட்ஸிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் நூலகத்திலிருந்து வந்தவள்.

வேலை இதுதான்: யார் நமக்குக் கொடுக்கக்கூடும், எவ்வளவு, எதற்காக, யார் நேரில் போனால் பேச்சு நகரும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் தேடி, போய்ப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பக்கத் தாளாகக் கொடுக்க வேண்டும்.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே மேலிடத்திலிருந்து ஒரு கோரிக்கை வரும். "நம்ம பழைய ஸ்டூடண்ட்ஸில் பெரிய பணக்காரங்க நூறு பேர் லிஸ்ட் ஒண்ணு கொடுங்கம்மா." கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நூறு பேருக்கும் ஒரே கடிதம் போகும். ஐம்பது லட்சம் கொடுத்திருக்கக்கூடியவர் அதைச் சுற்றறிக்கை என்று நினைத்து ஓரமாக வைப்பார், அல்லது மரியாதைக்குப் பத்தாயிரம் அனுப்பிவிடுவார். அவரிடம் மறுபடி பெரிதாகக் கேட்கச் சில வருடம் ஆகும். அதனால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "இந்த மூன்று மாதத்தில் நீங்கள் நேரில் போய் எத்தனை பேரைப் பார்க்க முடியும், சார்?" எட்டுப் பேர் என்றால் உங்கள் குழு இருபது பேரை ஆய்வு செய்தால் போதும். சந்திக்க ஆள் இல்லாத பெயரை ஆராய்வது வீண். குழுத் தலைவராக நீங்கள் எடுக்கும் முடிவுகளிலேயே முக்கியமானது இந்த எண்ணிக்கைதான்.

முதலில் நம் அலமாரியைத் திறங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராக கூகுளுக்கும் லிங்க்ட்இன்னுக்கும் போகிறார்கள். அது அப்புறம். அட்மிஷன் ரிஜிஸ்டர், ஹாஸ்டல் பதிவு, எண்டோமெண்ட் பரிசு (முதலாகப் போட்ட பணத்தின் வட்டியில் வருடந்தோறும் தருவது) ஏற்படுத்தியவர்களின் கோப்பு, வெள்ளி விழா ஆண்டு மலர், ரீயூனியன் வசூல் நோட்டு, இவற்றில் இருப்பது எந்த இணையதளத்திலும் கிடைக்காது. முதலில் தேட வேண்டியது ஏற்கெனவே கொடுத்தவர்களை. தொகை சிறியதாக இருந்தாலும் சரி. அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 1964இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படிப்பை முடித்தார். அடுத்த வருடம் அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முதல் நன்கொடை 5 டாலர். 2018இல் அதே இடத்துக்கு 180 கோடி டாலர் அறிவித்தார். 2023இல் ஐஐடி பம்பாய்க்கு 315 கோடி ரூபாய் கொடுத்த நந்தன் நீலகேணி, அதற்கு முன்பே 85 கோடி கொடுத்திருந்தார். பத்து வருடமாக வருடந்தோறும் இரண்டாயிரம் ரூபாய் அனுப்பும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரின் பெயர், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத கோடீஸ்வரரின் பெயருக்கு மேலே இருக்க வேண்டும் என்று என் குழுவிடம் எப்போதும் சொல்வேன். அவரிடம் பெரிய தொகை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் பேட்ச்சில் அவர் ஒரு போன் போட்டால் முப்பது பேர் எடுப்பார்கள்.

காகிதத்துக்கு அடுத்து மனிதர்கள். லேப் அட்டெண்டர், ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பிரண்டு, ஹாஸ்டல் எழுத்தர், இவர்களைத் தேடிப் போய் உட்காருங்கள். எங்கள் ஹாஸ்டல் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். "அண்ணே, எண்பத்தஞ்சு பேட்ச்சுல மெஸ் பில் கட்ட முடியாம கஷ்டப்பட்டு, இப்ப நல்லா இருக்கறவங்க யாராவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது வேண்டாம்மா. அவங்க பட்ட கஷ்டத்தையெல்லாம் நீ எழுதி வைக்காத. மெஸ் செக்ரட்டரியா யாரு இருந்தாங்கன்னு கேளு, வருஷம் வருஷமா சொல்றேன்" என்றார். சொன்னார். மெஸ் செக்ரட்டரியாக இருந்தவருக்குத் தன் பேட்ச்சில் எல்லோரையும் தெரியும், இன்றும் தெரியும். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பாதிக்கு மேல் அப்படி ஒரு முன்னாள் செக்ரட்டரிதான் அட்மின். அன்றிலிருந்து அந்தப் பட்டியலைத் தனியாகப் பராமரிக்கிறோம்.

ஒரே ஆள்தானா?

நேரம் அதிகம் போவது இங்கேதான். வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதற்கு உதவாது, ஏனென்றால் அவர்களுக்கு இனிஷியல் கிடையாது.

ரிஜிஸ்டரில் 'கே. சண்முகம், 1984' என்று இருக்கிறது என்று வையுங்கள். அப்பா பெயர் கந்தசாமி. அவர் அமெரிக்கா போனதும் சண்முகம் கந்தசாமி ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டில் பெயர் மாறி ஏறியிருந்தால் கந்தசாமி சண்முகம். அலுவலகத்தில் ஷான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தொடக்க எழுத்தே இரண்டு மூன்று விதமாக வரும். ஊர் பெயரையும் சேர்த்து இரண்டு இனிஷியல் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் ஒன்றை விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு இன்னும் சிக்கல்: திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறும், அல்லது கணவர் பெயர் கடைசியில் சேரும். அதனால்தான் பல கல்லூரிகளின் முன்னாள் மாணவியர் பட்டியல் பாதி காலியாகக் கிடக்கிறது. அவர்கள் காணாமல் போகவில்லை, நாம் பழைய பெயரில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எக்செலில் முதல் வேலையாக அப்பா பெயருக்கு முழுதாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். ரிஜிஸ்டரில் அது இருக்கும். பெயரைத் தவிர வேறு இரண்டு தடயமாவது பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று எழுத வேண்டும்: தந்தை பெயர், படித்த பிரிவும் வருடமும், சொந்த ஊர், பேட்ச்மேட் ஒருவரின் உறுதி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு நிறுவனத்தின் பொது ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்டணம். தொடக்க ஆவணங்களில் பல நேரம் இயக்குநரின் தந்தை பெயரும் முகவரியும் இருக்கும். அந்த நூறு ரூபாய், தவறான சண்முகத்தின் வீட்டுக்குத் துணைவேந்தரை அனுப்புவதைத் தடுக்கும்.

பட்டம் யார் பெயரில் என்பதையும் கவனியுங்கள். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 1980க்கு முன் முடித்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் வந்த பிறகு படித்தவர் அதன் பட்டதாரி. இன்னும் பின்னால் வந்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். ஒருவர் தன் தன்விவரத்தில் பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதியிருந்தால், நம் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடும்போது அவர் சிக்க மாட்டார். பங்குச் சந்தைக்கு வரும் நிறுவனங்கள் அதன் ஒழுங்குமுறை ஆணையமான செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம் இந்த இடத்தில் பெரிய உதவி. அதில் நிறுவனர்களின் படிப்பு விவரம் இருக்கும், பெரும்பாலும் 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்றுதான். அந்த வரி கண்ணில் பட்டால் உடனே நம் ரிஜிஸ்டரோடு ஒப்பிட ஒருவரை நியமித்துவிடுங்கள்.

எவ்வளவு கொடுக்க முடியும்?

சொத்து மதிப்பை வைத்துத் தொகை சொல்லாதீர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 21 நாளுக்குள் பங்குதாரர் விவரத்தை வெளியிட வேண்டும். நிறுவனர் குடும்பத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது பெயரோடு இருக்கும். பொதுப் பங்குதாரர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பெயரும் இருக்கும். எத்தனை பங்கு அடமானத்தில் இருக்கிறது என்பதற்குத் தனிப் பத்தி உண்டு. அதைப் பார்க்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. ஒருவரிடம் 20 லட்சம் பங்கு, விலை 400 ரூபாய். கையில் 80 கோடி என்று தோன்றும். ஆனால் அதில் 12 லட்சம் பங்கு வங்கியில் அடமானம். மீதியையும் அவர் விற்கமாட்டார், விற்றால் கம்பெனி மேல் பிடி போய்விடும். பங்குக்கு 6 ரூபாய் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தருவது) என்றால் வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம், அதுவும் வரிக்கு முன். அதில் பத்தில் ஒரு பங்கை ஐந்து வருடத்துக்கு ஒதுக்க மனம் வந்தால் 60 லட்சம். என் தாளில் நான் எழுதுவது இந்த 60 லட்சத்தை, அதுவும் 40 முதல் 75 லட்சம் என்று வரம்பாக. அதே ஆள் அடுத்த வருடம் ஐந்து லட்சம் பங்கை விற்கிறார் என்றால் 20 கோடி ரொக்கமாக வருகிறது. அப்போது தாள் முழுவதும் மாறும். ஆகவே தொகையைவிடத் தேதி முக்கியம். பங்கு விற்பனை, கம்பெனி கைமாறுவது, நிலம் கையகப்படுத்தியதற்கு இழப்பீடு வருவது, பிள்ளைகள் பொறுப்பேற்பது, இவற்றைக் கண்காணிக்க ஒருவர் தினமும் காலையில் அரை மணி நேரம் வணிகச் செய்திகளைப் படித்தால் போதும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபம். அங்கே பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் உயர் அதிகாரி பங்கு வாங்கினாலோ விற்றாலோ இரண்டு வேலை நாளுக்குள் 'ஃபார்ம் 4' தாக்கல் செய்தாக வேண்டும். குடும்ப அறக்கட்டளை வைத்திருந்தால் '990-பிஎஃப்' என்ற வருடாந்தரப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரிசையாக இருக்கும். ஒருவர் எதற்குக் கொடுப்பார் என்பதை அந்தப் பட்டியல் அவரே சொல்வதுபோலச் சொல்லிவிடும்.

எதற்காக என்பதுதான் கடினம்

பணமும் நெருக்கமும் தெரிந்த பிறகும் பலர் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பிடித்த காரியத்தை நாம் முன்வைக்காததுதான் பெரும்பாலும் காரணம். 2022இல் மைண்ட்ட்ரீ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இருவரான சுப்ரதோ பாக்சியும் என்.எஸ். பார்த்தசாரதியும் தத்தம் மனைவியரோடு சேர்ந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 425 கோடி கொடுத்தார்கள், மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் கட்ட. பாக்சி அங்கே படித்தவர் அல்ல. ஒடிசாவில் அரசியல் அறிவியல் படித்தவர். முன்னாள் மாணவர் பட்டியலை மட்டும் புரட்டுகிற ஆய்வுக் குழுவின் கண்ணில் இப்படி ஒரு பெயர் படவே படாது. அதனால் காரியத்திலிருந்தும் பின்னோக்கித் தேடுங்கள். நீர் மேலாண்மை ஆய்வகம் கட்டப் போகிறோமா? யார் தன் ஊரில் குளம் தூர்வாரக் காசு கொடுத்தார், எந்த மில் தன் ஆண்டறிக்கையில் நீர்நிலைக்குச் செலவு காட்டியிருக்கிறது என்று தேடுங்கள்.

இன்னொரு பக்கம், 1970இல் சென்னை ஐஐடியில் எம்.டெக் முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024இல் அங்கே 228 கோடி கொடுத்தார். இடையில் ஐம்பத்து நான்கு வருடம். மூன்று மாதத்தில் பலன் காட்டச் சொல்லும் நிர்வாகத்திடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், கம்பெனிச் சட்டம்

தாளில் கட்டாயம் ஒரு வரி: இவர் எந்த நாட்டுக் குடிமகன்? துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்கீழ் வந்துவிடும். அதற்குப் பதிவோ விலக்கோ நம்மிடம் இருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களுக்குப் பணம் புது டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ரீயூனியனில் மைக் பிடித்து அறிவித்த தொகையை வாங்க முடியாமல் திருப்பி அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் அவமானம். இந்த ஒரு வரி அதைத் தவிர்க்கும்.

சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணத்துக்கு வேறு கணக்கு. முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனமோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ நிகர மதிப்பு 500 கோடியையோ தொட்ட நிறுவனமோ, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்க நாம் 'சிஎஸ்ஆர்-1' பதிவு எண் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் சென்னை, பெங்களூருவின் பெரிய பெயர்களைத் துரத்துகிறார்கள். நான் பார்ப்பது நடுத்தர நிறுவனங்களை: பம்ப், வார்ப்படம், நூற்பாலை, பின்னலாடை. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் சட்டப்படி அவர்களுக்குத் தனி சிஎஸ்ஆர் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். நடைமுறையில் எம்.டி. ஒருவரின் முடிவு. அவர் நம் பழைய மாணவராகவும் இருந்தால் பேச்சு எவ்வளவு நேராக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோப்பில் எழுதக் கூடாதவை

இதில் நான் கண்டிப்பானவள். சாதி எழுதக் கூடாது. கமிட்டியில் யாராவது கேட்பார்கள், "அவரு நம்ம ஆளுங்களா?" என்று. அந்தக் கேள்விக்கு ஆய்வுப் பிரிவிலிருந்து பதில் போகாது என்பதை முதல் முறையே மென்மையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நோய், விவாகரத்து, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை, மகன் எந்தப் பெண்ணைக் கட்டினான் என்பதெல்லாம் வேண்டாம். சமூக ஊடகத்தில் அவர் குழந்தைகள் போடும் படங்களைப் பார்க்க வேண்டாம். சம்பந்தப்பட்டவரே அலுவலகத்துக்கு வந்து தன் கோப்பைக் கேட்டால், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கையில் கொடுக்க முடிய வேண்டும். என் குழுவில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இதுதான் அளவுகோல்.

சட்டமும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நம் நாட்டில் 2023இல் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் முன்னாள் மாணவர்களின் விவரத்தைக் கையாளும்போது அங்கேயுள்ள விதிகளையும் பாருங்கள். 2016 டிசம்பரில் விலங்கு நலனுக்கான ஆர்எஸ்பிசிஏ, பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அபராதம் விதித்தார். நன்கொடையாளர்களுக்குத் தெரிவிக்காமல் அவர்களின் பணவசதியை அலசச் செய்தது அந்தக் குற்றங்களில் ஒன்று. நாம் செய்யும் வேலையும் அதற்கு மிக அருகில் இருப்பதுதான்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்

பெரிய தொகை பேசப்படும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சரிபார்ப்பு: செபி உத்தரவுகள், நீதிமன்ற வழக்குகள், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், பழைய செய்திகள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2019இல் வெடித்த விவகாரம் நினைவிருக்கும். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஜெஃப்ரி எப்ஸ்டீனின் பணத்தை, சிறு தொகையாகவும் பெயர் வெளியிடாமலும் வாங்கலாம் என்று நிர்வாகத்தில் சிலர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள மீடியா லேப் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. பெயரை மறைத்து வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தாலே விடை தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. ஆனால் தெரிந்ததை எழுத்தில் வைப்பது நம் வேலை.

நம்மூருக்கே உரிய இன்னொரு கேள்வி: இவர் வீட்டுப் பிள்ளை யாராவது இந்த வருடம் நம்மிடம் அட்மிஷன் கேட்கிறார்களா? தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது கூடாது. இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால், அட்மிஷன் வேலை முழுவதும் முடியும்வரை அந்தக் கோப்பை மூடிவைப்போம். துணைவேந்தர் கேட்டாலும் அதுதான் பதில்.

வாராந்தரக் கூட்டம்

குழு பெரிதாக வேண்டியதில்லை. ஆண்டறிக்கை படிக்கத் தெரிந்த ஒருவர், போனில் மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒருவர், இவர்கள் எழுதுவதைத் திருத்த நீங்கள். வாரம் ஒருமுறை, சந்திக்கப் போகிறவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். புதுப் பெயர் மூன்றுக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் போய்வந்த சந்திப்புகளுக்கு. போய்வந்தவர் இரண்டு நாளுக்குள் நான்கு வரியாவது எழுதித் தர வேண்டும். எழுத நேரமில்லை என்பார்கள். அப்படியானால் காரில் வரும்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் ஆள் தட்டச்சு செய்யட்டும். பதிவு செய்த விவரம் கோப்பில் ஏறியதும் குரலை அழித்துவிடுங்கள்.

அந்த நான்கு வரியில் மறுப்பையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஆர்வமில்லை' என்ற பதிவு எதற்கும் உதவாது. "பொண்ணு கல்யாணம் தையில, அது முடியட்டும்" என்பது வேறு, "கட்டடத்துக்கெல்லாம் தரமாட்டேன், பசங்க ஃபீஸுக்குன்னா பேசலாம்" என்பது வேறு, "என் காலத்து பிரின்சிபால் செஞ்சதை நான் இன்னும் மறக்கலை" என்பது முற்றிலும் வேறு. முதல் ஆளுக்கு மாசியில் போன் செய்யத் தேதி போடுங்கள். இரண்டாமவரின் தாளை உதவித்தொகைப் பக்கம் மாற்றுங்கள். மூன்றாமவரிடம் பணம் கேட்க யாரையும் அனுப்ப வேண்டாம்; அவர் துறையில் அவருக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும்.